காசு கொடுத்தது நான், காளை யாருடையது?

எங்கள் செக்கு எண்ணெய் பாட்டிலில் நிற்கும் காங்கேயம் காளையை வரைந்தது கோயம்புத்தூர் டிசைனர் தம்பி ஒருவர். திமிலும் கொம்பும் அச்சு அசல். 4,500 ரூபாய் ஜிபேயில் போட்டேன். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

போன தீபாவளிக்குக் காலண்டரும் துணிப்பையும் அடிக்கலாமென்று ஓப்பன் ஃபைல், அதாவது படத்தைத் திருத்தி மாற்றக்கூடிய மூலக் கோப்பு, கேட்டேன். "அண்ணா, பேசுனது லேபிளுக்கு மட்டும்ங்க. மத்ததுக்குத் தனியா ஆகும்ங்க" என்றார். சுர்ரென்று ஏறிவிட்டது எனக்கு. வக்கீல் மச்சானிடம் போய்க் கொட்டினேன்.

"அவரு உங்கிட்ட சம்பளத்துக்கு இருக்காரா மாப்ள?"

இல்லை.

"அப்ப வரைஞ்சவருதுதான்."

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பள ஆள் வேலையாக வரைந்தால் முதலாளிக்குப் போகும். வெளியாள் வரைந்தால் அந்தக் கணக்கு செல்லாது. வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டிலை போட்டோ எடுத்தவரிடமும் நான் எதையும் எழுதி வாங்கவில்லை, ஆனால் அந்தப் படங்கள் என்னுடையவை! காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், தீட்டச் சொன்ன ஓவியம் எல்லாம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவருக்கே.

"காளையும் ஓவியந்தானே?" என்று மடக்கினேன்.

"கம்ப்யூட்டர்ல போட்ட லேபிள் படம் அதுல வருமான்னு வாதாடலாம். 4,500 ரூபாய்க் காளைக்கு எத்தனை வாய்தா போவ?"

வாயை மூடிக்கொண்டேன். தம்பியிடம் பேசி, இன்னொரு 6,000 ரூபாய்க்கு உரிமையை எழுதி வாங்கினேன். வாட்ஸ்அப்பில் 'ஓகே அண்ணா' போதாது. எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படம், எதற்கெல்லாம், எத்தனை வருடம், எந்தெந்த நாட்டில் என்று மச்சான் ஒவ்வொன்றாக எழுதினான். வருடம் போடாமல் விட்டால் சட்டம் ஐந்து வருடம்தான் கொடுக்கும். நாடு போடாவிட்டால் இந்தியா மட்டும். மாதம் நாலு பெட்டி சிங்கப்பூர் போகிறது, அதனால் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். படத்தைக் கண்டபடி சிதைத்தால் விற்ற பிறகும் வரைந்தவர் கேள்வி கேட்கலாமாம். காளைக்குப் பச்சை வண்ணம் பூசும் யோசனை அத்தோடு போயிற்று.

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும்போது தம்பி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி இருக்கற நாலு வரி யாரு எழுதுனதுங்கண்ணா?"

என் பெரியப்பா மகள். தமிழ் டீச்சர். கல்யாணத்துக்கு முன் விளையாட்டாக எழுதிக் கொடுத்தது. சனிக்கிழமை வருகிறாள், பேப்பரை எடுத்து வைத்திருக்கிறேன்.