அப்பாவின் புதுக் கண்ணாடி

ஆறு மாதமாக அப்பாவுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் கறுத்து, ஒரே அரிப்பு. வெயில் என்றுதான் நினைத்தோம். தோல் மருத்துவர் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பிரேமில் இருக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

சரி என்று டைட்டானியம் பிரேம் வாங்கப் போனோம். எடை, அதே அளவு எஃகில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். வியர்வைக்கும் துருப்பிடிக்காது. ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் முன்பகுதி மட்டுமே டைட்டானியம். எப்படி வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும் 'மெமரி' பிரேம்கள் பலவற்றில் பாதிக்குப் பாதி நிக்கல்தான்! ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. வளையும் தன்மை வேண்டுமென்றால், பொதுவாக நிக்கல் சேர்க்காத டைட்டானியக் கலவையான பீட்டா டைட்டானியம் கேளுங்கள்.

அப்புறம் அளவு. காதுக்கம்பியின் உட்புறம் 54, 17, 145 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப்பாலம், கம்பி நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். பழைய பிரேமின் எண்களைக் குறித்துக்கொண்டு போனதால் எங்களுக்குத் தேடல் சுலபமானது. உடைந்தால் சாதாரணக் கடையில் பற்றவைக்க முடியாது, அதையும் தெரிந்தே வாங்கினோம்.

நேற்று இரவு நாளிதழை முழுக்கப் படித்து முடிக்கும்வரை அப்பா ஒருமுறைகூட மூக்கைத் தேய்க்கவில்லை.