மஸ்மக் கோட்டைக்குப் போனால் முதலில் கதவைப் பாருங்கள்

ரியாத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் பத்தா கடைவீதிக்கு அடிக்கடி போவார்கள், ஆனால் அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய மஸ்மக் கோட்டைக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதும் உண்மைதான். 19ஆம் நூற்றாண்டில் சுடாத பச்சைச் செங்கல்லை அடுக்கி, மேலே மண் பூசிக் கட்டியது. நாலு மூலைக்கும் ஒவ்வொரு வட்டக் கோபுரம், அவ்வளவுதான்.

உள்ளே போகிற அவசரத்தில் வாசலைத் தாண்டிவிடாதீர்கள். பேரீச்ச மரத்தில் செய்த பெரிய கதவு, அதன் நடுவில், நம் ஊர்க் கோயில் கதவுகளில் இருக்குமே, அதுபோல ஒரு திட்டிவாசல். ஒரு ஆள் குனிந்து, தலையை முதலில் நுழைத்துத்தான் உள்ளே போக முடியும். உள்ளே நிற்பவனுக்கு அந்தத் தலையை வெட்டுவது சுலபம், அதற்காகவேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மரத்தில் ஒரு ஈட்டி முனை உடைந்து மாட்டிக்கொண்டிருக்கும். 1902 ஜனவரியில் வீசியது, இன்னும் எடுக்கவில்லை.

அப்போது ரியாத், வடக்கே ஹாயில் என்ற ஊரிலிருந்து ஆண்ட ரஷீத் வம்சத்தின் கையில் இருந்தது. அதற்கு முன் ரியாத்தை ஆண்ட சவூத் குடும்பத்தைச் சேர்ந்த, குவைத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளைஞர் அப்துல் அஜீஸ் சில பத்துப் பேரோடு ராத்திரியில் ஊர் மதிலேறி வந்து, கோட்டைக்கு எதிரே இருந்த வீட்டில் பதுங்கிக்கொண்டார். அது ஆளுநர் அஜ்லானின் மனைவி இருந்த வீடு. அஜ்லான் பாதுகாப்புக்காகக் கோட்டைக்குள்ளேயே தூங்கி எழுந்து விடிந்ததும்தான் வீட்டுக்கு வருவார், அது அவர்களுக்குத் தெரியும். காலையில் அவர் வெளியே வந்ததும் பாய்ந்தார்கள். அவர் திரும்பி ஓடி அந்தத் திட்டிவாசலுக்குள் நுழையப் பார்க்க, காலைப் பிடித்து வெளியே இழுத்தார்களாம். கடைசியில் அஜ்லான் கொல்லப்பட்டார், கோட்டை விழுந்தது. அந்த அப்துல் அஜீஸ்தான் 1932இல் சவூதி அரேபியா என்ற நாட்டை அறிவித்தவர். அந்த ஓட்டையை நேரில் பார்த்துவிட்டு இதை யோசித்தால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்கிறது.

1995 முதல் இது அருங்காட்சியகம். பழைய துப்பாக்கிகள், வாள்கள், வரைபடங்கள், புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன, சுமாராகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்தது கூரை. அண்ணாந்து பார்த்தால் உத்தரங்களுக்கு மேல் பேரீச்ச ஓலை பரப்பியிருப்பது தெரியும். சின்ன மசூதி, கிணறு, மஜ்லிஸ் என்கிற வரவேற்புக் கூடம், முற்றம் என்று முற்றுகையிட்டாலும் உள்ளேயே இருந்து சமாளிக்கத் தோதாகக் கட்டியிருக்கிறார்கள். குறை என்றால், புதுப்பித்ததில் சுவர்கள் ரொம்பவே வழவழப்பாகிவிட்டன, அப்புறம் முழுக்க ஜெயித்தவர் பக்கத்துக் கதைதான், ரஷீத் தரப்புக்கு என்ன நியாயம் இருந்தது என்று தேடினால் கிடைக்காது.

பின்னேரமாகப் போங்கள், வெயில் தாழ்ந்தால் வெளித்திடலிலும் உட்காரலாம். மண் கட்டடங்கள் பிடித்துப்போனால் அடுத்து ரியாத்தை ஒட்டிய திரியாவில் உள்ள துரைஃப் என்ற பழைய மண் நகரம், அது 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ஆனால் மஸ்மக்கோடு சேர்த்து ஒரே மாலையில் முடிக்க நினைக்காதீர்கள், அதற்குத் தனியாக அரை நாளாவது வேண்டும்.