அப்பாவுக்கு வந்தது தொய்வு (ஆஸ்துமா) இல்லை

வயல் காவலுக்குப் போய் வாடிக் குடிசையில் நிலத்தில் படுத்திருந்த அப்பாவைக் கட்டுவிரியன் கடித்தது. மூச்சுத் தசைகள் செயலிழந்து, 9 நாள் ஐ.சி.யூ.வில் தொண்டைக்குள் குழாய் வைத்து மெஷினில்தான் மூச்சு. பிழைத்து எங்கள் ஊர் மண்டூருக்கு வந்தார்.

ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கியது. குருமண்வெளிப் பாதைக்கு (ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகுக்கு) நடந்து போவதற்குள் இரண்டு தரம் நின்றார். தொய்வு என்று பம்ப் கொடுத்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூன்று கிழமையாகியும் குறையவில்லை.

ஒரு இரவு பக்கத்தில் படுத்திருந்தபோதுதான் அவதானித்தேன். மூச்சை விடும்போது சத்தமில்லை, இழுக்கும்போதுதான் கீச்சென்று வந்தது. போனில் பதிந்து மட்டக்களப்பில் நெஞ்சுநோய் டொக்டரிடம் கேட்கக் கொடுத்தேன். "குழாய் வச்சவங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் ஊதியிருக்கும். அதன் அழுத்தம் 30 செ.மீ. நீரளவைத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு இரத்த ஓட்டம் குறையும். புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகி மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். ஐ.சி.யூ.வில் வைத்த அந்தக் குழாய் இல்லாவிட்டால் அப்பாவே இல்லை, அதனால் யாரிலும் கோபம் வரவில்லை.

கழுத்தையும் சேர்த்து சி.டி. ஸ்கேன் எழுதினார். மல்லாந்து படுத்தால் அப்பாவுக்கு மூச்சு முட்டும். படம் எடுக்கும் தம்பியிடம் முதலே சொன்னோம். எல்லாம் ஆயத்தப்படுத்திவிட்டுக் கடைசியாகத்தான் அவரைச் சாய்த்தார். பாம்பு கடித்த பிறகு கழுத்தில் கட்டிய அச்சரக்கூட்டை (தாயத்தை) கழற்றச் சொன்னார்கள், உலோகம் படத்தில் கீறல் விழுத்துமாம். அப்பாவுக்கு மனமே இல்லை. நான் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தரம், வெளியே விடும்போது ஒரு தரம் எடுத்தார்கள். மூச்சுக்குழாய்ச் சுவர் தளர்ந்திருந்தால் விடும்போதுதான் மடிவது தெரியும்.

டொக்டர் கணினியில் மூச்சுக்குழாயை நெடுக்காகத் திருப்பிக் காட்டினார். நெல்லுச் சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டியது மாதிரி இருந்தது. 2 செ.மீ. நீளம், மிக ஒடுங்கிய இடம் 6 மி.மீ. எக்ஸ்ரேயில் தப்பியது இதுதான். எங்கே, எவ்வளவு நீளம் என்று தெரிந்தால்தான் பலூனால் விரிப்பதா, வெட்டித் தைப்பதா என்று தீர்மானிக்கலாம் என்றார்.

அப்புறம் கமரா விட்டுப் பார்த்து விரித்தார்கள். திரும்பவும் சுருங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் இறுவட்டைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருக்கிறேன். இரவில் எழும்பினால், அவர் மூச்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.