அடுத்த வீட்டுக்குக் கேட்கும் அடி

1994-இல் லீ தமஹோரி இயக்கத்தில் வெளிவந்த நியூசிலாந்துப் படமான ‘ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்’, ஆக்லாந்து நகரத்தில் வாழும், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதை. வீட்டில் கூட்டாளிகளோடு குடித்துக்கொண்டிருக்கும் ஜேக், நண்பனுக்கு முட்டை சமைத்துத் தரும்படி மனைவி பெத்திடம் சொல்கிறான், அவள் மறுக்கிறாள். அதற்கு அவள் வாங்கும் அடியைப் பார்க்க, சண்டைக் காட்சிகளுக்குக் கைதட்டிப் பழகிய நமக்கும் தெம்பு வேண்டும்.

அந்த இரவில் என்னை மிகவும் உறுத்தியவர்கள் விருந்துக்கு வந்தவர்கள்தாம். சற்று முன்புவரை பெத்தும் ஜேக்கும் சேர்ந்து பாடியதை ரசித்துக் கேட்டவர்களில் ஒருவர்கூட அவனுடைய கையைப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீங்கிய முகத்தோடு வெளியே தலைகாட்ட முடியாததால், மகன் பூகியின் வழக்கு விசாரணைக்குப் பெத் போகவில்லை. அவனை அரசுக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு முட்டைக்காக ஓங்கிய கை எதுவரை நீள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சேலத்தில் அம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகளின் தெருக்களில் ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பல உண்டு. தறிச் சத்தம் அடங்கிய பிறகு பாத்திரம் உருளும் ஓசையும், அதைத் தொடர்ந்து “அடிக்காதீங்க” என்ற குரலும் சுவரைத் தாண்டி வரும். மறுநாள் காலையில் குழாயடியில் முந்தானையால் கன்னத்தை மறைத்தபடி நிற்பவள், “கதவு இடிச்சிருச்சுக்கா” என்பாள். நாங்களும் தலையாட்டிவிட்டுக் குடத்தை நகர்த்துவோம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நமக்கென்ன வேலை என்பதுதான் எங்கள் தெருவின் தீர்ப்பு.

ஜேக்கின் வேலை போய்விட்டது, அவன் அடிமை வழியில் வந்தவன் என்று இகழப்பட்டவன் என்பதையெல்லாம் படம் மறைக்கவில்லை; ஆனால் அவற்றைக் காட்டி அவனுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை. மகள் கிரேஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அவளுடைய உடலோடு தன் முன்னோரின் மராய்க்கு, அதாவது இனத்தார் ஒன்றுகூடும் பொது இடத்துக்கு, திரும்பும் பெத், ஜேக்கை விட்டு விலகும் துணிவைத் தன் இனத்தின் மரபிலிருந்தே பெறுகிறாள். மாவோரி மக்களின் இயல்பே இப்படித்தான் என்று முடிவு கட்டுபவர்கள் இந்தப் பகுதியை மறுபடி பார்க்க வேண்டும்.

நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவள் மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்தாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் பாயாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. குழாயடியில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் இவற்றைச் சொல்ல வேண்டியவர்கள், இரவெல்லாம் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்தாம்.