செல்லைக் கொல்லாமல் பார்ப்பது

நாகமலைப் பக்கம் எங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வந்த சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, செல்லுக்குச் சாயம் ஏத்துறீங்களா?" சாயம் இல்லைடா. பழைய முறைகளில் சாயம் ஏற்றுவதற்கு முன்பே செல்லைப் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். உயிரோடு இருக்கும் செல்லையே நுண்ணோக்கியில் பார்க்கும் எங்கள் முறையில் செல்லே தன் விளக்கைச் செய்துகொள்கிறது.

1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லி மீனில் கண்ட பச்சை ஒளிர் புரதம்தான் அந்த விளக்கு. மொத்தம் 238 அமினோ அமிலங்கள். அதன் மரபணுவை நமக்கு வேண்டிய புரதத்தின் மரபணுவோடு ஒட்டிச் செல்லுக்குள் அனுப்பினால், அந்தப் புரதம் போகிற இடமெல்லாம் பச்சை. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் கோத்துவிட்டால், செல் பிரிகிறபோது குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசை கட்டி நின்று, சட்டென்று இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுவதைத் திரையிலேயே பார்க்கலாம். சாப்பாட்டு நேரம் மறந்துபோகும்.

மனிதச் செல்லுக்கு 37 டிகிரி வேண்டும். மதுரை வெயிலில் வெளியே வைத்தாலே போதுமே என்று கேலி செய்வார்கள். சரி, செல்லைச் சுற்றிய காற்றில் இருக்க வேண்டிய 5 சதவீத கார்பன் டை ஆக்சைடுக்கு எங்கே போவது? அப்புறம் இந்தப் பச்சையை ஒளிர வைக்கும் நீல லேசரை அதிகம் அடித்தால் செல் செத்தே போகும். அதனால் மங்கலான படமே போதும் என்பது என் கட்சி. பளிச்சென்று படம் வேண்டுமென்று செல்லை வறுப்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

இந்தப் புரதத்துக்காக 2008 வேதியியல் நோபல் ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும். இந்த மரபணுவை முதலில் குளோன் செய்து (தனியே பிரித்து நகலெடுத்து) 1992இல் வெளியிட்டு, பின்னவர்கள் இருவருக்கும் கொடுத்த டக்ளஸ் பிராஷர், அப்போது அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விழாவுக்கு அவரைத் தங்கள் செலவில் அழைத்துப் போனது சால்ஃபியும் சியனும்தான்.