வார்டு உறுப்பினருக்கு வாக்கில்லை

ஜூன் 22, 2022

நேற்றிரவு குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான வேட்பாளராகத் திரௌபதி முர்முவின் பெயரை அறிவித்தார்கள். இன்று காலை ஒடிசாவின் ராய்ரங்பூர் சிவன் கோயிலில் அவர் துடைப்பத்தால் பெருக்கிய காட்சியைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் காட்டின. எளிமை, பக்தி என்று அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். எனக்கு 1997தான் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டில்தான் முர்மு அதே ஊரின் நகர் பஞ்சாயத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குப்பையையும் சாக்கடையையும் விட்டால் வார்டு உறுப்பினருக்கு வேறென்ன அலுவல்? அக்காவிடம் கேட்டால் சொல்வாள்.

ஜூன் 24

வேட்புமனு தாக்கலாகிவிட்டது. அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை.

ஜூலை 3

நாளிதழ்கள் அவருடைய வாழ்க்கையை ஏணிப்படிகளாக அடுக்குகின்றன: பாசனத் துறையில் இளநிலை உதவியாளர், பள்ளி ஆசிரியை, வார்டு உறுப்பினர், 2000இல் சட்டமன்ற உறுப்பினர், உடனே மாநில அமைச்சர், 2015இல் ஜார்க்கண்ட் ஆளுநர். 2009ஐ மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவ்வாண்டு மயூர்பஞ்ச் மக்களவைத் தொகுதியில் அவர் தோற்றார். அதையடுத்த சில ஆண்டுகளில் இரண்டு மகன்களையும் கணவரையும் இழந்தார். தோற்றவரின் வீட்டு வாசலில் மறுநாள் காலை எத்தனை செருப்புகள் கிடக்கும் என்பது, பிப்ரவரியில் அக்கா வார்டு தேர்தலில் தோற்றதிலிருந்து எனக்கும் தெரியும். இன்னொன்றையும் யாரும் நின்று கவனிப்பதில்லை: அவர் நாடாளுமன்றத்தில் ஒரு நாள்கூட உறுப்பினராக அமர்ந்ததில்லை. படிகள் என்றால் நடுவில் ஒரு படியே இல்லை.

ஜூலை 18

வாக்குப்பதிவு. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பச்சை நிறத் தாள், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இளஞ்சிவப்பு. குறியிட ஊதா மைப் பேனா. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 700, ஒடிசா சட்டமன்ற உறுப்பினருக்கு 149, தமிழ்நாட்டில் 176. இரவு அக்காவே அழைத்து, “கவுன்சிலருக்கு எத்தனை?” என்று கேட்டாள். இல்லை என்றேன். மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் நாடாளுமன்ற இரு அவைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்று அரசியலமைப்பின் 54ஆம் பிரிவை விளக்கத் தொடங்கியபோது, தனக்குத் தூக்கம் வருவதாகச் சொல்லிவிட்டாள். 1997இல் முர்முவுக்கும் அந்தத் தேர்தலில் வாக்கில்லை என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 19

சொல்லவில்லை.

ஜூலை 21

முர்மு பெற்ற வாக்கு மதிப்பு 6,76,803. எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177. மூன்றாம் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிட்டது. அக்காவின் தெருவில் பாதியில் நின்றுபோன வடிகாலை இந்த மழையிலாவது யாரேனும் வந்து பார்த்தார்களா என்று கேட்க மறந்துவிட்டேன். தோற்ற பின்னும் அந்த வடிகாலைப் பற்றி அவளிடம்தான் கேட்கிறார்கள்.

ஜூலை 25

தலைமை நீதிபதி என்.வி. ரமணா பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ‘ஜோஹார்’ என்று வணங்கிவிட்டு, தன் கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் தானே என்பதை நினைவுகூர்ந்த முர்மு, வார்டு கவுன்சிலர் பொறுப்பிலிருந்து குடியரசுத் தலைவர் பதவிவரை வந்ததையும் தம் வாயாலேயே சொன்னார். நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ‘வார்டு கவுன்சிலர்’ என்ற சொல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. உடனே அக்காவை அழைத்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். அரை மணி நேரமாகியும் இணைப்புக் கிடைக்கவில்லை.