பக்கத்தில் போனவன்

ஏப்ரல் 30

நண்பன் கொரோனாவில் இறந்து இன்றோடு ஒன்பது நாள். "நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்றார் அவனுடைய பெரியம்மா. அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. யாரும் கிட்டே போகப் பயந்த நாட்களில் காய்ச்சல்காரர்களைத் தன் காரில் ஏற்றிப் போனவன் அவன். முகக்கவச நாடா அறுத்து அவன் காதுக்குப் பின்னால் விழுந்த சிவப்புக் கோடு கண்ணிலேயே நிற்கிறது.

மே 3

தூக்கம் வரவில்லை. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கி.மு. 430இல் ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோயில் தானும் விழுந்து பிழைத்தவர். கோயில்களில் போய் வேண்டியும் பலனில்லை, கும்பிட்டவரும் கும்பிடாதவரும் ஒன்றுபோலவே செத்தார்கள் என்கிறார். அதைவிட வேறோர் இடம்தான் என்னை உலுக்கிவிட்டது. தன் உயிரை மட்டும் பார்த்துக்கொள்வதற்கு வெட்கப்பட்டு நண்பர்களின் வீட்டுக்குள் போனார்களே, அவர்களைத்தான் நோய் அதிகம் வாரிக்கொண்டு போனதாம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். கொள்ளைநோய் கடவுள் பாவத்துக்குத் தரும் தண்டனை என்றால் அது பாவியைத் தேடிப் போக வேண்டும். தொற்று பிடிப்பதோ பக்கத்தில் வந்தவனை. பயமில்லாமல் பக்கத்தில் வருபவன் யார்?

மே 4

கடவுள் படைத்திருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710இல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ். 1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. தாய் மார்பிலேயே நசுங்கிய குழந்தைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கேட்டார். அங்கே ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று தத்துவவாதி ரூஸோ அவருக்குப் பதில் எழுதினார்.

முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. படுக்கை இல்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனை நிறுத்திவைத்தார்கள். அவன் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 84, பிறகு 81. கிருமி இயற்கை, சரி. அந்த வாசல்?

ஆனால் எல்லாருக்கும் படுக்கை கிடைத்திருந்தாலும் சிலர் செத்துத்தான் இருப்பார்கள். ரூஸோவின் பதில் அங்கே நின்றுவிடுகிறது.

மே 9

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பது ஜான் ஹிக் என்ற தத்துவவாதியின் வாதம். இருக்கலாம். பக்குவம் எனக்கு, சாவு அவனுக்கு என்றால் அது என்ன நியாயம்? இதற்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மே 11

அவன் மனைவி கார் சாவியைக் கொடுத்தார். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே அவன் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் ஓர் ஓரம் பிரிந்து தொங்கியது. டேப் போட்டு ஒட்டினேன். நாளை காலை ஆறு மணிக்கு ஒரு பாட்டியை ஏற்றிப் போக வேண்டும்.